பாப்பாவுக்கு, வண்டி ஏசி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? குட்டிக்கு இருமல் விட்டதா? நீ அம்மாவிடம் பேசும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். "ஓடுதாம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஏசி மறுபடி குளிரவில்லை என்று, போன முறை மாதிரி நேராகப் போய் ஏசி கேஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதே. கேஸ் டீசல் மாதிரி செலவாகித் தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பழைய ஹோஸ் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் போகும், சரி. இரண்டே மாதத்தில் குளிர் நின்றுவிட்டது என்றால் எங்கோ நன்றாகவே கசிகிறது. ஒன்பது வயதில் பானட் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டு "அப்பா, பேரிங்" என்று சொன்னவள் நீ. நான் நம்பாமல் பெல்ட்டை மாற்றி, மறுநாள் பேரிங்கையும் மாற்றினேன். அப்படிப்பட்டவள் கசிவைத் தேடாமல் எப்படி விட்டாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கசிவைத் தேடும்போது முதலில் கண்டன்சரைப் பார். சூடான கேஸை ஆறவைப்பது, ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது. மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவு, வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும். கண்டன்சரிலும் குழாய் சேரும் இடங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். கேஸோடு எண்ணெயும் சேர்ந்துதான் ஓடுகிறது. கேஸ் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் முன்பக்கம், அதை பெல்ட்டோடு சேர்த்துவிடும் கிளட்சுக்குப் பின்னாலும் பார். அங்கே சீல் போயிருந்தால் எண்ணெய் சிதறியிருக்கும். இதையெல்லாம் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்ட பிறகுதான் செய்ய வேண்டும். தலைமுடியைக் கட்டிக்கொள்.

மெக்கானிக் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டும்போது கூடவே நில். ஒரு முள் கம்ப்ரஸருக்குள் போகும் லோ சைடுக்கு, இன்னொன்று அழுத்தி வெளியே வரும் ஹை சைடுக்கு. இன்ஜின் ஆறி நிற்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். உன் வண்டியில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். 30 டிகிரி வெயிலில் அது ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 40, 50 என்று நின்றால் உள்ளே கேஸ் இல்லை என்றே வைத்துக்கொள். ஓடவிட்டுப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் தாழ்ந்தே இருந்தால் கேஸ் குறைவு. லோ சைடு ஏறி, ஹை சைடு இறங்கி, இரண்டும் கிட்டக் கிட்ட வந்தால் கம்ப்ரஸரே அழுத்தவில்லை. கசிவை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் ஏதாவது ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல். கழற்றிய இடத்திலெல்லாம் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது. அப்புறம் அரை மணி நேரமாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வேக்கம் இழுத்து, வால்வை மூடிவிட்டுக் காத்திருக்கச் சொல். முள் ஏறினால் இன்னும் கசிகிறது, கேஸ் ஏற்றவிடாதே. கசிவைச் சரிசெய்யாமல் கேஸ் மட்டும் ஏற்றாதே. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று அம்மா சொல்கிறாள், பரவாயில்லை.

குட்டியை வைத்துக்கொண்டு நீண்ட தூரம் போகிறாயாமே. ஜன்னலைத் திறந்துவிட்டாவது போ, ஏசி ஸ்விட்சைத் தொடாதே. உன் வண்டியில் ஒரே பெல்ட்தான். கம்ப்ரஸர் இறுகினால் அந்த பெல்ட் கருகி அறுந்துவிடும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஸ்டீயரிங் கனத்துவிடும், தண்ணீர் பம்ப்பும் நிற்கும். நடுவழியில், அந்த வெயிலில். இரவில் இதை நினைத்தே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது பாப்பா. அன்றைக்கு நீ போனில், "கிளட்ச் சேரத்தான்பா செய்யுது, ஆனா காத்து சூடா வருது, மெக்கானிக்குக்கே புரியல" என்றாய். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கேஸ் அவ்வளவு குறைந்தால் கிளட்ச் சேரவே கூடாது. டிரையர் பக்கத்தில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் அதை நிறுத்திவிட வேண்டும். அந்த ஸ்விட்சை நான்தான் ஒரு ஒயரால் நேராக இணைத்து வைத்திருக்கிறேன். வண்டியை உனக்குத் தருவதற்கு முந்தின கோடையில் ஏசி விட்டு விட்டு வேலை செய்தது. அன்றே கசிவைத் தேடியிருக்க வேண்டும். அவசரத்தில் சாக்கெட்டைக் கழற்றி, ஒரு சாண் மஞ்சள் ஒயரை இரண்டு பக்கமும் சொருகி டேப் சுற்றிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. சாவியைக் கொடுக்கும்போதும் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. நீ சொன்ன அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. அதனால்தான் அப்படிக் கத்தினேன். வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று உன் வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்னேன். கேஸ் இல்லாமல், எண்ணெய் வராமல் அந்தக் கம்ப்ரஸர் இவ்வளவு நாள் ஓடியது உன்னால் இல்லை, என்னால். இதை அவரிடமும் சொல்லிவிடு. கம்ப்ரஸர் தேய்ந்து உள்ளே உலோகத்தூள் போயிருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். எல்லாச் செலவும் என்னுடையது. அதில் மட்டும் வாதாடாதே.

ஒயர் இருக்கும் இடம்: பானட்டைத் திறந்து கண்டன்சர் ஓரமாகப் பார்த்தால் உருளையாக டிரையர் தெரியும். அதன் மேல் வரும் மெல்லிய குழாயில் இரண்டு முனை உள்ள ஸ்விட்ச். கறுப்பு டேப்பைப் பிரித்தால் மஞ்சள் ஒயர். பிடுங்கிவிட்டு சாக்கெட்டைப் பழையபடி ஸ்விட்சில் மாட்டு, 'டக்' என்று உட்கார வேண்டும். மற்ற எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்.

கழற்றியதும் ஒரு வார்த்தை சொல். அம்மாவிடம் சொன்னாலும் போதும், நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா