பேய்ப் படம் என்று நம்பிப் போனோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயக்குநர் ஆரி ஆஸ்டரின் முதல் முழுநீளப் படமான ‘ஹெரிடிட்டரி’ (2018) பல ஆண்டுகளில் வந்த திகில் படங்களிலேயே கொடூரமானது என்ற ஆரவாரத்தை நம்பி, நண்பர்கள் நால்வர் சென்ற ஞாயிறு இரவு அதை வீட்டில் பார்க்க அமர்ந்தோம். முதலில் அலறுபவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் வேறு.

காரில் தங்கை கோரமாக இறந்துவிட, திரும்பிப் பார்க்கவும் துணியாத அண்ணன் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து பேசாமல் படுத்துக்கொள்ள, மறுநாள் காலை தாயின் ஓலம் மட்டும் கேட்கும் அந்தக் காட்சியில், அண்மையில் தம்பியை விபத்தில் பறிகொடுத்திருந்த நண்பர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். படத்தை நிறுத்திவிட்டு நாங்களும் போனோம். மீதியை மறுநாள் நான் தனியாகத்தான் பார்த்தேன்.

படத்தைக் குறை சொல்லவில்லை. தாயாக வரும் டோனி கோலெட்டின் நடிப்பு அபாரம் (பிற்பகுதியின் மாந்திரீகம்தான் எனக்குச் சற்று அலுத்தது). ஆனால் பேயை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைப்பது இழவு வீட்டின் துக்கம். அமெரிக்காவில் முதல் நாள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் இப்படம் ‘டி பிளஸ்’ மட்டுமே பெற்றதற்கு இந்த ஏமாற்றமும் காரணமாக இருக்கலாம்.

வயது வரம்பைச் சொல்லும் சான்றிதழ் இதையெல்லாம் சொல்வதில்லை. தங்கள் திரைவிமர்சனப் பகுதியிலாவது, கதையை வெளியிடாமல், இத்தகைய காட்சிகள் உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி