அப்பாவுக்கு, கிளீவ்லாந்திலிருந்து

14.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை என்று கோபித்திருந்தது நியாயம்தான். போனில் அம்மாவும் சின்னவளும் பேசி முடிப்பதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் ரேடியோவில் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பேஸ்பால்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர், குப்பைத் தொட்டியைக்கூடக் கழுவித் துடைத்து வைப்பாரே, அவர்தான் எனக்கு வாத்தியார். கொல்லைப்புறப் படியில் கம்பளி போர்த்திக்கொண்டு ரேடியோ கேட்பார். ஒவ்வொரு பந்தையும் நோட்டில் பென்சிலால் குறிப்பார். உங்கள் டெஸ்ட் மேட்ச் நோட்டு ஞாபகம் வந்தது.

ஒரு அணிக்கு வருடத்துக்கு 162 ஆட்டம். ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்ததில் ஜனங்களுக்கு அலுத்துப்போய், போன வருடம் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில், அதாவது அடித்தவர் ஓடிப்போய் நிற்கும் இடத்தில், ஆள் இல்லையென்றால் பந்து எறிபவர் 15 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். ஆள் இருந்தால் 20; இந்த வருடம் அது 18. தாமதித்தால் அடிப்பவருக்கு ஒரு பந்து சாதகம், நம் வைடு மாதிரி. இப்போது சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிகிறது. போன வருடம் மைதானங்களுக்கு ஏழு கோடிப் பேருக்கு மேல் வந்தார்களாம்.

பெரியவருக்கு இது போதாது. 1960 வரை இருந்தது போல 154 ஆட்டமாகக் குறைக்க வேண்டும், ஏப்ரல் குளிரில் எவன் உட்காருவான் என்கிறார். 2007 ஏப்ரலில் இங்கே பனி கொட்டி நாலு நாள் ஆட்டம் நடக்காமல், அடுத்த மூன்றை மில்வாக்கிக்குக் கொண்டுபோனார்களாம். நம் ஊர்த் தேரை மதுரையில் இழுத்த கதை! என்னையும் மைதானத்துக்குக் கூப்பிடுகிறார். குளிர் குறையட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் ரேடியோவை அணைத்துவிட்டு, "அரைமணி மிச்சமாகிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். அவர் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்குப் பதில் வரவில்லை. அந்த நேரத்தில்தான் நம் திண்ணையில் உங்கள் ரேடியோ கரகரப்பது காதில் விழும், அப்பா.

இன்று வருடப்பிறப்பு. மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ கிடைக்கவில்லை. வெறும் வெல்லப் பச்சடி. இனிப்பாக மட்டும் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், வங்கியில் ஏதோ தாமதம். நகை வட்டிக்கு அதுவரை சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓடு மாற்றுவதை ஆடி மழைக்குள் முடிக்கச் சொல்லுங்கள். சின்னவளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள்? அவளிடம் கேட்டால் போனை வைத்துவிடுகிறாள்.

உங்கள் கையெழுத்து இந்தத் தடவை வரி தாண்டி ஓடுகிறது. கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். நீங்கள் எழுதவேயில்லையே. என்றைக்கு?

உங்கள் மகன்