மீதி 37 டிக்கெட்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கட்டு அவிழ்த்ததும் முதலில் உன் தொந்தியைத்தான் பார்த்துத் திட்டியிருப்பார்கள்! பதில் தாமதமானதற்கு ஒரு டிரிகர்தான் காரணம்: எப்போது கணக்கைச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்யும் நிரல் துண்டு.

பஸ் டிக்கெட் கருவிகளிலிருந்து வரும் விற்பனையைப் பணிமனைவாரியாக 10 நிமிட விண்டோக்களில் (நேரத் துண்டுகளில்) கூட்டுகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஓடிவரும் தரவை வர வரக் கணக்கிடும் அப்பாச்சி ஃபிளிங்க் மென்பொருளில்தான். நடுநடுவேயும் கணக்கு தெரிய வேண்டும் என்றார்கள். 50 டிக்கெட்டுக்கு ஒருமுறை கூட்டுத்தொகையைச் சொல்லும் கவுண்ட் டிரிகரைச் செருகினேன். மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன்: 137 டிக்கெட் விற்ற இடத்தில் 100 என்று காட்டுகிறது, 12 மட்டுமே விற்ற கடைசி பஸ் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

நாம் தரும் டிரிகர், விண்டோவோடு வரும் டிரிகருக்குத் துணையாக நிற்காது. அதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். 10 நிமிடம் முடிந்ததும் மணியடிக்க ஆளில்லை. 50ஐ எட்டாத மிச்சம் சத்தமில்லாமல் துடைக்கப்பட்டுவிட்டது. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

சொந்தமாக ஒன்று எழுதினேன். டிக்கெட் வந்தால் எண்ணு. 50 ஆனால் கணக்கைச் சொல்லிவிட்டு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கு. விண்டோவின் கடைசி மில்லிவினாடிக்கு டைமர் வை. ஒரே நேரத்துக்கு எத்தனை முறை டைமர் வைத்தாலும் ஒன்றாகவே நிற்கும் என்பதால் அங்கே கவலையில்லை. விண்டோ கலையும்போது எண்ணிக்கையை நாமேதான் அழிக்க வேண்டும். அதை முதலில் மறந்தேன், சிரிக்காதே.

அப்புறமும் ஒரு கோணல். டிக்கெட் தரவைக் கொண்டுவரும் காஃப்கா மென்பொருளில் ஒவ்வொரு பணிமனைக்கும் ஒரு பார்டிஷன், அதாவது தனி வரிசை. இரவில் ஒரு பணிமனை உறங்கியதும் மற்றவற்றின் டைமர்களும் அடிக்கவில்லை. நிகழ்வு நேர டைமர், அதாவது டிக்கெட் விற்ற நேரப்படி ஓடும் டைமர், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; எந்த நேரம் வரையிலான தரவு வந்துவிட்டது என்று சொல்லும் வாட்டர்மார்க்கைப் பார்க்கிறது. வாட்டர்மார்க்கோ கடைசியாக வரும் பார்டிஷனுக்காகக் காத்து நிற்கும். ஒரு நிமிடம் பேசாத பார்டிஷனுக்காகக் காத்திருக்காதே என்று அமைத்த பிறகே நகர்ந்தது.

இப்போது 30 வினாடிக்கு ஒருமுறை கணக்கு கேட்கிறார்கள். நிகழ்வு நேரத்தில் வைத்தால் ஊரே உறங்கும்போது நின்றுவிடுகிறது. எந்திர நேரத்தில், அதாவது கணினியின் கடிகாரப்படி, வைத்தால், பழைய தரவை மறுபடி ஓட்டும்போது இடைக்கணக்குகள் வேறாக வருகின்றன. உங்கள் மின்மீட்டர் வேலையில் என்ன செய்தாய்? விவரமாக எழுது.

உன்,
ரகு