உன் பேத்தியின் கழுத்துப் பச்சை

சங்கரன்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி இன்னும் விடவில்லையா? காலையில் மைதானத்துக்கு, ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிற நம் பையன்களைப் பார்க்கப் போய்விடுவதால் எனக்கு உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் 32 பேர் வருகிறார்கள், அதில் 9 பெண் பிள்ளைகள். பாதிப் பேருக்கு நல்ல ஷூ கிடையாது. இங்கே மழை இல்லை, உளுந்து போன தடவை மாதிரிதான்.

பேத்தி கழுத்துக்குப் பின்னால் டாட்டூ போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து அவளோடு பேசவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. என் கணக்கிலும் இப்படி ஒரு கழுத்து இருக்கிறது, சொல்கிறேன்.

நாலு வருடம் முன்னால் ஒரு பையன் மைதானத்துக்கு வந்தான். கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு பறவை, சிறகை விரித்தபடி. ராணுவத்தில் முன்னங்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதி, பழங்குடியினர் மரபுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் விதிப்படியே அவனை எடுக்க மாட்டார்கள். ஆனால் நான் விதியைச் சொல்லி அனுப்பவில்லை. "ரவுடிப் பயலுக்கெல்லாம் இங்கே இடமில்லை" என்றேன், எல்லோர் முன்னாலும். அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டான். யார் மகன், என்ன படித்தான், எதையும் நான் கேட்கவில்லை. பறவையைப் பார்த்தேன், முடிவு பண்ணிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது பச்சை குத்திய கைகளுக்கு நடுவில். எங்கம்மா கையை நீ பார்த்திருக்கிறாய், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது உனக்குச் சோறு போட்ட கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் புள்ளிக் கோலம். "பச்சை குத்தலையோ பச்சை" என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வருவார்களாம் குறவர் வீட்டுப் பெண்கள். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துப் புதுச்சட்டியில் கரி பிடிப்பார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசியால் குத்துவார்கள். கூலி ஒரு படி நெல், பழைய சேலை. அம்மாவுக்குக் குத்தும்போது வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார்களாம். சாகும்போது நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சைதான் வரும் என்பாள் அம்மா.

அந்தக் கையை ஊரில் யாரும் தப்பாகச் சொன்னதில்லை. குத்திவிட்ட குறவர் கையைத்தான் தப்பாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் குறவர்களைக் குற்றப் பரம்பரைப் பட்டியலில் வைத்தான், அந்தச் சட்டம் நாடு முழுக்க 1952இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னால் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தையே பச்சை குத்தியிருக்கிறார்கள், 1849 வரைக்கும். குத்து ஒன்றுதான் சண்முகம், யார் உடம்பில் என்பதைப் பார்த்துத்தான் நாம் பெயர் வைக்கிறோம். பழனித் தைப்பூசத்தில் பேட்டரி மெஷினில் நீ குத்திக்கொண்டாயே இடது கையில் ஒரு வேல், அதை வைத்து உன்னை ஒரு ஆபீசராவது ரவுடி என்றாரா?

போன வருடம் நம் பையன் ஒருவன் துணை ராணுவத் தேர்வில் ஓட்டம், எழுத்து எல்லாம் தாண்டி மருத்துவத்தில் நின்றான். வலது முன்னங்கையில் 'அம்மா' என்று மூன்று எழுத்து. அங்கே இடது கையில் இருந்தால் பரவாயில்லை, வலது சல்யூட் அடிக்கிற கை. லேசருக்கு நானே கூட்டிப்போனேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல் ஒவ்வொரு சூட்டுக்கும் கை துள்ளியது, பட்ட இடம் உடனே வெள்ளையாகப் பூத்தது. ஒரே நாளில் போகிற வேலை இல்லை, நாலைந்து வாரம் விட்டு விட்டு ஏழு தடவை போனோம். அடுத்த தேர்வுக்கு வயது இருந்ததால் பிழைத்தான். இப்போது பயிற்சியில் இருக்கிறான். முதல் எழுத்தின் சுழி மட்டும் நிழல் மாதிரி இன்னும் தெரிகிறது.

அதிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சட்டையைக் கழற்றச் சொல்லி, எது ஆகும், எது ஆகாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன். சாதித் தலைவர் படத்தைக் குத்திக்கொண்டு வருகிறவனோடு மட்டும் எனக்கு இன்னும் சண்டைதான். அடுத்தவனை மிரட்டத்தான் அந்தப் படம், அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அவனையும் இப்போது விரட்டுவதில்லை, உட்கார வைத்துப் பேசுகிறேன்.

நாளைக்குக் கல்யாணப் பேச்சில் யாராவது மூஞ்சி சுளிப்பார்கள் என்று நீ பயப்படுவது புரிகிறது. சுளிப்பார்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக முதலில் தாத்தாவே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? என்ன குத்தியிருக்கிறாள் என்றுகூட நீ எழுதவில்லை. கேட்டாயா? பூவா, பெயரா, வேறு ஏதாவதா? ஊசி புதிதுதானா, கடையில் என்ன தடவச் சொன்னார்கள், அதையெல்லாமாவது கேள். ஒரு வருடத்துக்கு ரத்தம் கொடுக்க முடியாது, அதையும் சொல்லி வை, கல்லூரி முகாமில் வருடா வருடம் கொடுப்பாளே.

அந்தப் பறவைப் பையனை நான் தேடிப் பார்த்தேன். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், யாருக்கும் தெரியவில்லை. உன் பேத்தி உன் வீட்டிலேயே, அடுத்த அறையில் இருக்கிறாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாயே, அவளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மாவின் போட்டோ ஒன்று, கை தெரிகிற மாதிரி, எடுத்து வைத்திருக்கிறேன். அவளிடம் காட்ட வேண்டும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை நிறுத்திவிடாதே. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
மாரியப்பன்