மாசாணியம்மன் கையெழுத்து

கோவை

அன்புள்ள வேலுச்சாமிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் மறுபடி மக்கர் பண்ணியதால் தபாலாபீஸ் வரை நடக்க முடியவில்லை. கோபிக்காதே.

பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் லண்டன் கென்னிங்டன் பூங்காவில் இரண்டு சுற்று நடப்பதாக எழுதியிருந்தாய் பார், அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அடப்பாவி, நீ மிதித்துக்கொண்டு நடக்கிற அந்தப் புல்தரையில் 1848 ஏப்ரல் 10-ஆம் தேதி நடந்த கூட்டத்தைப் பற்றி நம் மில் சங்க ஆபீஸ் வகுப்பில் உட்கார்ந்து கேட்டோமே, மறந்துவிட்டாயா? நீ அன்று தூங்கியிருப்பாய். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன்.

சாசனக்காரர்கள் (சார்ட்டிஸ்ட்), ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பிய பிரிட்டிஷ் தொழிலாளிகள். 1838-இல் 'மக்கள் சாசனம்' என்று ஆறு கோரிக்கை வைத்தார்கள். அதை எழுதியதில் முக்கியமான ஆள் வில்லியம் லவெட், மரவேலை செய்கிற தச்சர். இருபத்தொரு வயதான ஆண் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கு, சொத்து இல்லாதவனும் நிற்கலாம், உறுப்பினருக்குச் சம்பளம், சம அளவில் தொகுதிகள், ஆண்டுக்கு ஒரு தேர்தல். சம்பளம் கேட்டதைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். தறியை விட்டுவிட்டுப் பார்லிமெண்டுக்குப் போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? பட்டினி கிடந்தவனுக்குத்தான் அப்படி யோசிக்க வரும். அந்தச் சம்பளம் கடைசியில் 1911-இல்தான் கிடைத்தது. ஆண்டுக்கு ஒரு தேர்தல் மட்டும் இன்றுவரை வரவில்லை. நல்லதுதான். நம் ஊரில் அப்படி வைத்தால் மைக் செட்காரன் மட்டும்தான் பிழைப்பான்.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதில் பொம்பளைகளுக்கு ஓட்டு இருந்ததா?" என்று கேட்டாள் உன் தங்கச்சி. முதலில் எழுதியபோது இருந்தது, ஆண்களுக்குக் கிடைப்பதும் தள்ளிப்போகும் என்று பயந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று காபி வரவில்லை.

மூன்று முறை பார்லிமெண்டுக்கு மகஜர் கொடுத்தார்கள். 1842-இல் கொடுத்ததில் 33 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. சுருட்டிய காகிதம் வாசலுக்குள் நுழையாமல், பிரித்துப் பிரித்து உள்ளே கொண்டுபோனார்களாம். 287 பேர் எதிர்த்தும் 49 பேர் ஆதரித்தும் ஓட்டுப்போட, கதை முடிந்தது. மூன்றாவது மகஜர்தான் உன் பூங்காவிலிருந்து கிளம்பியது. ராணியை வைட் தீவுக்கு அனுப்பிவிட்டு, பழைய தளபதி வெலிங்டன் பிரபுவைப் பாதுகாப்புக்கு வைத்து, ஆயிரக்கணக்கில் தனிக் காவலர்களைச் சேர்த்துப் பாலங்களை மறித்துவிட்டது அரசாங்கம். தலைவர் ஓ'கானர் ஊர்வலத்தைக் கைவிட்டார். மகஜர் குதிரை வண்டியில் போய்ச் சேர்ந்தது.

57 லட்சம் கையெழுத்து என்றார் ஓ'கானர். குமாஸ்தாக்கள் எண்ணிப் பார்த்து 19,75,496 என்றார்கள். அதிலும் விக்டோரியா ராணி கையெழுத்து, வெலிங்டன் பிரபு கையெழுத்து, 'சப்பை மூக்கன்' கையெழுத்து! பக்கம் பக்கமாக ஒரே ஆள் எழுத்து! சபையே சிரித்தது. சாசன இயக்கம் அந்தச் சிரிப்பிலேயே செத்தது என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேலு. போனஸ் மகஜருக்கு நாம் இரண்டு பேரும் கேட்டில் நின்று கையெழுத்து வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? வேலை நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளி ஒருத்தன் 'மாசாணியம்மன்' என்று எழுதிவிட்டு ஓடினான். மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி, ஆனைமலையிலிருந்து அம்மன் எப்போது ஷிப்டுக்கு வருகிறாள் என்று கேட்டார். அந்தப் பையன் குறும்புக்கு எழுதவில்லை. பேரை எழுதினால் மறுநாள் வேலை இல்லை, எழுதாமல் போகவும் மனசு கேட்கவில்லை. கைநாட்டுக்காரர்கள் "நீயே எழுது சாமி" என்றதால் முக்கால்வாசித் தாளில் என் எழுத்துதான். லண்டன் குமாஸ்தா எண்ணியிருந்தால் என்னையும் ஒரே ஆள் என்று கழித்திருப்பான். ஓ'கானர் ஊதிப் பெருக்கியது தப்புதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் குமாஸ்தாக்கள் எண்ணிய கணக்கிலேயே ஏறக்குறைய 20 லட்சம் கையெழுத்து, அப்பனே!

அன்று ஊர்வலத்தைக் கைவிடக் கூடாது என்று கத்தியவர் வில்லியம் கஃபே. தையல்காரர், ஐந்தடி கூட உயரமில்லை. கரீபியத் தீவில் அடிமையாக இருந்தவரின் மகன். 1834-இல் தையல்காரர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்து வேலையை இழந்தவர். கூட்டம் நடந்த 1848-லேயே பிடித்து டாஸ்மேனியாவுக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தினார்கள். மன்னிப்பு வந்தபிறகும் திரும்பவில்லை, அங்கேயே தைத்துக்கொண்டு, கூட்டம் போட்டுக்கொண்டு இருந்து, 1870-இல் ஏழைகள் விடுதியில் செத்தார். நம் சங்கத்தில் இவரைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

அன்றைய கூட்டத்தைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். என் பேத்தி செல்போனில் பெரிதாக்கிக் காட்டினாள். தொப்பி தொப்பியாகத் தலைகள், நடுவில் கொடிகள், பின்னால் ஓர் ஆலைப் புகைபோக்கி. ஆறே வருஷத்தில் அந்த மைதானத்துக்கு வேலி போட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். நம் மில் சிம்னியையும் போன மாசம் இடித்துவிட்டார்கள், அபார்ட்மெண்ட் வருகிறதாம். நான் பார்க்கப் போகவில்லை.

அடுத்த முறை நடக்கப் போகும்போது நின்று சுற்றிப் பார்த்து எழுது: அந்தப் புகைபோக்கி இருந்த பக்கம் இப்போது என்ன நிற்கிறது?

அன்புடன்,
ராமசாமி