முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்ப ஓய்வூதியம் பெறும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. டிசம்பர் 7 கொடிநாள் வசூலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நாம் இழந்த நம் முன்னாள் தலைவரைப் பற்றியே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கெல்லாம் அவர் சுபேதார் ஐயா.

பெங்களூருவில் இராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் பயிற்சி முடித்தவர். 1971 இந்தியா–பாகிஸ்தான் போரில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக, டிசம்பர் 15 இரவு கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி திறந்த பொறியாளர் படையினரில் அவரும் ஒருவர். மேடையில் அதைப் பேசச் சொன்னால் மறுத்துவிடுவார். ஒருமுறை என்னிடம் மட்டும், குப்புறப் படுத்து மண்ணில் கம்பியைச் சாய்வாகச் செருகிப் பார்ப்பது எப்படி என்று கையால் காட்டினார். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் மேல்பக்கம் அழுந்திவிடும்.

பணிக்காலத்தில் வீட்டுக்குக் கிடைத்தது ஆண்டு விடுப்பு 60 நாளும் கொஞ்சம் தற்செயல் விடுப்பும்தான். மற்ற நாளெல்லாம் 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவ அஞ்சலக முகவரியிலிருந்து இன்லண்ட் கடிதம். பிள்ளைகள் நடை பழகியதைக் கடிதத்தில் படித்தவர், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கால் வலியால் அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று அழைப்பவரால், அடுப்படியில் நிற்க முடியாமல் போனதும் சமையலைத் தானே ஏற்றுக்கொண்டார்.

அவர் காலமான பிறகு அம்மா எங்களிடம் ஒரு பச்சை ஃபைலைக் கொடுத்தார். படையிலிருந்து விடைபெறும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ எனும் ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், இருவரும் சேர்ந்து எடுத்த படம் எல்லாம் வரிசையாக இருந்தன. மேல்தாளில் பெரிய எழுத்தில், நான் போன பிறகு யாரிடம் என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருந்ததால், ஸ்பர்ஷ் எனும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் தகவல் பதிந்ததும் குடும்ப ஓய்வூதியம் சிக்கலின்றி வந்தது.

எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி என்று இருந்தாலே போதும், துக்க வீட்டுப் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான். அதையும் ஓர் எழுத்து நிறுத்திவிடக் கூடாது என்று ஐயா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது என்பதை உறுப்பினர்கள் தயவுசெய்து மனதில் கொள்ள வேண்டும்.

எனவே வரும் ஆண்டில், ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் முன்பாக உறுப்பினர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிபிஓவையும் எடுத்து வாருங்கள். மனைவியையும் உடன் அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் தகவல் சொன்னால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்