மனுவின் இரண்டாம் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ‘மனநலம் பாதித்த பெண் ரகளை’ என்ற தலைப்பில் ஒரு செய்தியும் படமும் வெளியாகியிருந்தன. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுததையும், காவலர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதையும், கூட்டம் சிறிது நேரம் தடைபட்டதையும் நிருபர் விரிவாக எழுதியிருந்தார். வேலை பார்த்த இடத்தில் தமக்கு நேர்ந்த தொந்தரவு குறித்து அவர் மூன்றாவது முறையாக மனு கொடுக்க வந்தவர் என்பது மட்டும் கடைசி வரியில் இருந்தது. என்ன தொந்தரவு, முதல் இரண்டு மனுக்கள் என்ன ஆயின என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தச் செய்தியின் போக்கு எனக்குப் பழக்கமானது; ஏறக்குறைய இதே போக்கில் நானே ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளுக்கு முன், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், விசாரித்து அறிக்கை அனுப்புமாறு ஒரு மனு என்னிடம் வந்தது. எழுதியவர் பள்ளிச் சத்துணவு மையம் ஒன்றில் சமையல் உதவியாளராகச் சேர்ந்திருந்த பெண். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது தெரிந்ததும், அவர் கை பட்ட சோற்றைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சில பெற்றோர் சொல்ல, சச்சரவு வேண்டாம் என்று கூறி அவரைப் பாத்திரம் தேய்க்கவும் வாசல் பெருக்கவும் மட்டும் விட்டிருந்தார்கள். அரிசி களையவோ உலை வைக்கவோ அவருக்கு அனுமதியில்லை. முட்டை உரிக்க உட்கார்ந்தவரை ஒருநாள் பிள்ளைகள் பார்க்கவே எழுப்பி அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத்தாளில், இரண்டு பக்கத்துக்கு, நாள் கிழமையோடு எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுவதும் பள்ளியில் நடந்தவை. இரண்டாம் பக்கத்தின் அடியில், ‘இதனால் எனக்குத் தூக்கம் இல்லை, மனது ஒரு நிலையில் இல்லை, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன்’ என்று ஒரு வரி இருந்தது.

நான் பள்ளிக்குப் போனேன், அங்கிருந்தவர்களிடம் பேசினேன், கடைத்தெருவில் டீ குடித்தேன். அந்தப் பெண்ணின் தெருவுக்குப் போகவில்லை. மறுநாள், ‘மனுதாரர் மனநிலை பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று வருபவர் என விசாரணையில் தெரியவருகிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று அறிக்கை அனுப்பினேன். விசாரணையில் தெரியவந்தது என்று நான் எழுதியது, அவரே தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த செய்தி. மேலே இருந்தவர்கள் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. மனு முடிக்கப்பட்டது.

அவர் வேலையை விட்டுவிட்டார் என்று சில மாதங்கள் கழித்துத் தெரிந்தது. மகனுக்கு வருமானச் சான்று வாங்க அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். சான்றை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில், “மாத்திரை சாப்பிடுறேன்னு உண்மையை எழுதினேன் சார், அதையே புடிச்சிக்கிட்டீங்க” என்றார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதாவது சொன்னேனா என்பதும் சந்தேகம்தான்.

சட்டம் தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. மனநலம் பாதித்தவர் என்பதனாலேயே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவராகிவிட மாட்டார், கேட்கும் கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடியாத நிலை இருந்தால் மட்டுமே அவர் விலக்கப்படுவார் என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 124ஆம் பிரிவாக அது தொடர்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் கொடுத்த மரியாதையைக்கூட என் அறிக்கை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றும் அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்றும், மனநோய் இருப்பதாக மருத்துவரே முடிவு செய்தாலும், உரிய நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கொள்ளக் கூடாது என்றும் அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. டீக்கடை விசாரணையில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் செய்துவிடக்கூடிய காரியமாக எந்தச் சட்டமும் இதை வைக்கவில்லை.

பாதிப்பே புகாரின் ஒரு பகுதி என்பதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். வயலில் பாம்பு கடித்தவரின் கால் வீங்கியிருந்தால், வீக்கத்தைக் காட்டி, பாம்பு கடித்ததாக இவர் சொல்வது பொய் என்று யாரும் வாதிடுவதில்லை. தூக்கம் கெட்டவர், திடீரென்று அழுபவர், நடந்ததை முன்பின்னாகச் சொல்பவர் என்றால் மட்டும் அவர் சொல்வதைத் தள்ளிவிடத் துணிகிறோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விஷயத்தில் நம் பழக்கத்துக்கு நேர்மாறாக நிற்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது பாதிக்கப்பட்டவரின் மன அதிர்ச்சியையும் வேதனையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும், உடல் மருத்துவத்தோடு மனநல மருத்துவச் செலவையும் சேர்க்க வேண்டும் என்றும் அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. மாத்திரைச் சீட்டு அங்கே இழப்பீட்டுக்கான ஆதாரம். என் அறிக்கையில் அது மனுவை மூடப் பயன்பட்டது. அதே சட்டப்படி, விசாரணை நடக்கும்போதே புகார் செய்த பெண் எழுத்து மூலம் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ வழங்க விசாரிக்கும் குழு பரிந்துரைக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். இப்படி ஒரு குழு இருப்பது நம் பகுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் மனுதாரருக்குக் கடைசியில் உதவியது எந்த அலுவலகமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டார் அவரை முதலில், மனநலம் வேண்டி மக்கள் தங்கி வழிபடும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துச் சென்று ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே தம்மை யாரும் தெருப்பெயர் சொல்லிப் பிரிக்காததால் முதல் வாரத்திலேயே தூக்கம் வந்தது என்று பின்னர் அவரே சொன்னார். ஆனால் மாத்திரை நின்றுபோனதால் ஊர் திரும்பியதும் பழைய நிலை வந்தது. அதன் பிறகு அவருடைய நாத்தனாரும் மகளிர் குழுவைச் சேர்ந்த இன்னொருவரும் முறைவைத்து அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகத் தொடங்கினார்கள். மன்னார்குடி வந்து, தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, மெடிக்கல் போகும் டவுன் பஸ் பிடித்து, சீட்டுப் போட்டுக் காத்திருந்து திரும்ப ஒரு முழு நாளாகும். உடன் போகிறவருக்கு அன்றைய நடவுக் கூலி போய்விடும். அந்தக் கூலியை மகளிர் குழுவினர் தங்களுக்குள் பகிர்ந்து ஈடுசெய்தார்கள். மருத்துவர் ஒருவர், “பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டாராம். அரசாங்கத்தில் சம்பளம் வாங்குபவர்களில் தம்மை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று அந்தப் பெண் சொன்னபோது, அந்தச் சம்பளப் பட்டியலில் நானும் இருந்தேன்.

ஆகவே இன்று பதவியில் இருக்கும் தம்பி, தங்கையரிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மனுவில் சிகிச்சை பற்றி ஒரு வரி இருந்தால், அதைக் காரணமாக வைத்து விசாரணையை நிறுத்தாமல், எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். நேரில் போய், தலையாரி, பஞ்சாயத்தார் புடைசூழ நிற்காமல், அவர் நம்பும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரே நாளில் சொல்ல முடியவில்லையென்றால் இன்னொரு நாள் போங்கள். சாதி வன்கொடுமைப் புகார்களில், சமூகப் பணியாளர் அல்லது வழக்கறிஞரின் உதவியை நாடும் உரிமை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 15-ஏ பிரிவிலேயே இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம்; அதற்கு 15100 என்ற எண் உண்டு. இரவில் பேச யாரும் இல்லாதபோது 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், அழைப்புக்குக் கட்டணமில்லை. இந்த இரண்டு எண்களையும் குறைதீர்க்கும் நாளில் மனு எழுதித் தருபவர்களின் மேசைகளில் ஒட்டிவைத்தாலே சிலருக்குப் போய்ச் சேரும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ அவரைப் பற்றிய வேறு தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. அதனை ஒட்டி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019இல் நெறிமுறை வகுத்துள்ளது. சென்ற வாரச் செய்தியில் வந்த பெண் சிகிச்சையில் இருக்கிறாரா என்பதுகூட அச்செய்தியில் இல்லை. அழுதார் என்பதைத் தவிர அவரை ‘மனநலம் பாதித்தவர்’ என்று அழைக்க வேறெந்தக் காரணமும் அதில் தென்படவில்லை. ஒரு நிருபரை அனுப்பி அந்த மூன்று மனுக்களிலும் என்ன எழுதியிருந்தது என்பதை, அவர் சம்மதித்தால், அவர் படமும் பெயரும் இல்லாமல் அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். வெட்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் நான் பணியாற்றிய ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் அந்தச் சத்துணவு மையமும் அந்தப் பெண்ணும் தெரிந்துவிடுவார்கள். அவர் இப்போது வேறொரு ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் வந்து சாப்பிடுபவர்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்.